அணி மறுத்த அவலக்குரல்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்றொரு நகரம் உண்டு. டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்னும் ஆறு ஊர்கள் 1910 ஆம் ஆண்டில் ஒன்றிணைந்து உருவான நகரம் அது. களிமண்ணைக் கலையாக்கி உலகெங்கும் அனுப்பியமையால் மட்பாண்ட நாடு என்றே அப்பகுதிக்குப் பெயர் வழங்கலாயிற்று. மனிதனே களிமண்ணிலிருந்து படைக்கப்பட்டவன் என்று நம்பும் நமக்கு, மண்ணைப் பிசைந்து உயிர்பிழைத்த அவ்வூரார்மீது ஓர் உறவுணர்ச்சி தோன்றுவது இயல்பேயாகும். அந்நகரின் மண்ணிலிருந்து, இருநூறாண்டு இடைவெளியில், இரண்டு கண்டனக் குரல்கள் எழுந்தன. முதற்குரல் அழகாக இருந்தது. இரண்டாவது குரல் அழகாக இருக்க மறுத்தது. இக்கட்டுரை அவ்விரண்டாம் குரலைப் பற்றியது. ஆயினும் முதற்குரலைச் சொல்லாமல் அதனை விளக்கவியலாது.

1787 ஆம் ஆண்டில், அவ்வூர் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் ஒரு சிறு பதக்கம் வெளியிட்டார். வெண்ணிறப் பரப்பில் கருநிறப் புடைப்புருவாக, சங்கிலியால் பிணிக்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமை ஒருவன் மண்டியிட்டுக் கையேந்தி, தானும் ஒரு மனிதன் அல்லனோ என்று வினவுவதாக அமைந்தது அப்பதக்கம். அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பாடுபட்டோர் அதனை எங்கும் பரப்பினர். சீமாட்டிகள் அதனைக் கைவளையிலும் கொண்டையூசியிலும் பதித்துக்கொண்டனர். சீமான்கள் மூக்குப்பொடிச் சிமிழின் மூடியில் பதித்துக்கொண்டனர். கண்டனம் அணிகலனாயிற்று. அவ்வியக்கத்தின் முன்னோடியான தாமஸ் கிளார்க்சன், நாகரிக மோகமும் இம்முறை நீதிக்குத் தொண்டு செய்தது என்று மகிழ்ந்தார். 1807 இல் அவ்வாணிபம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனவே, அணியாவது எப்போதும் இழுக்கு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதன் இன்றளவும் மண்டியிட்டே இருக்கிறான் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. அழகின் விலை அது.

இனி இரண்டாம் குரல். 1977 ஆம் ஆண்டில் அதே நகரத்து இளைஞர் சிலர் கூடி ‘டிஸ்சார்ஜ்’ என்னும் இசைக்குழுவை அமைத்தனர். அவர்களது முதல் முழு இசைத்தட்டு 1982 மே மாதம் வெளிவந்தது. ‘எதையும் கேளாதே, எதையும் காணாதே, எதையும் சொல்லாதே’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் அதன் பெயர். அதனை வெளியிட்டது ‘கிளே ரிக்கார்ட்ஸ்’ என்னும் அவ்வூர்ச் சிறு நிறுவனம். ‘கிளே’ என்றால் களிமண். அந்நிறுவனத்தைத் தொடங்கிய மைக் ஸ்டோன் என்பாரே ஒலிப்பதிவையும் நெறிப்படுத்தினார். கால் என்பவர் குரல் கொடுத்தார். போன்ஸ் கிதார் இசைத்தார். ரெய்னி கீழ்ச்சுருதிக் கிதாரையும், காரி மலோனி முரசுகளையும் இயக்கினர். பாடல்கள் 14. அத்தனையும் அரைமணி நேரத்திற்குள் முடிந்துவிடுகின்றன.

இத்தகைய பொருளை இவ்விதழ் பேசுவானேன் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம் இல்லத்து இளைஞர் செவிகளில் இன்று எந்நாட்டு ஓசையும் தடையின்றி வந்து புகுகின்றது. கதவைச் சாத்திவிட்டோம் என்று பெரியோர் எண்ணியிருக்க, காற்று சாளரத்தின் வழியே வந்துகொண்டிருக்கிறது. வந்தது நறுமணமா நச்சுப்புகையா என்று முகர்ந்து பார்த்துச் சொல்வதே திறனாய்வாளன் கடமையாகும். இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே பண்டுதொட்டே கருத்து வேறுபாடு இருந்து வருகிறது. அவ்வழக்கில் தீர்ப்புரைக்கும் இடம் இதுவன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில் செவியுறுதல் பற்றித் தனியொரு பகுதியே வகுத்து, ஒலி உள்ளத்தில் யாது செய்கிறது என்று நுணுகி ஆராய்ந்தார்கள். ஆராய்ந்தபின் கொள்வதும் தள்ளுவதுமே அறிஞர் மரபு. அம்மரபின் ஓரத்தில் நின்றே நாம் பேசுகிறோம்.

முதலில் ஓசையைக் காண்போம். 1976, 1977 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் ‘பங்க்’ என்னும் இசை எழுந்தது. மூன்று சுரக்கட்டுகளே தெரிந்தவனும் மேடையேறலாம் என்பது அதன் கொள்கை. வேலையற்ற இளைஞர்தம் எள்ளலும் எரிச்சலும் அதன் உயிர். அதற்கு முன்னரே, 1970 வாக்கில், பர்மிங்காம் தொழிற்சாலை வட்டாரத்தில் ‘ஹெவி மெட்டல்’ என்னும் மற்றோர் இசை தோன்றியிருந்தது. கனத்த உலோகம் என்பது அப்பெயரின் பொருள். பேரிரைச்சலும் கருமையும் கைத்திறனும் அதன் இயல்புகள். இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் மதித்தாரல்லர். பங்க் கூட்டத்தார் மற்றவரை ஆடம்பரக்காரர் என்றனர். மெட்டல் கூட்டத்தார் இவர்களை வாசிக்கத் தெரியாதவர் என்றனர்.

இரண்டுக்கும் இடையே பாலமாக நின்றது ‘மோட்டர்ஹெட்’ என்னும் குழு. 1975 இல் அதனை அமைத்த லெம்மி, ஸ்டோக் நகரின் பர்ஸ்லெமில் 1945 இல் பிறந்தவர் என்பது வியப்பான பொருத்தம். டிஸ்சார்ஜ் குழுவினர் பங்க் இசையின் சுருக்கத்தையும் சினத்தையும் எடுத்துக்கொண்டனர். மெட்டல் இசையின் கனத்தையும் இருளையும் எடுத்துக்கொண்டனர். ஒன்றின் எள்ளலையும் மற்றொன்றின் ஆடம்பரத்தையும் விட்டுவிட்டனர். இரண்டு நூல்களை முறுக்கிக் கயிறாக்குவதுபோன்ற செயல் இது. எடுத்ததைக் காட்டிலும் விட்டதிலேயே இவர்தம் அறிவு விளங்குகிறது என்பது நம் கருத்து.

இவ்விசைத்தட்டின் முரசொலி தனியே ஆராயத்தக்கது. அரபிகள் ‘ரஜஸ்’ என்னும் யாப்பை ஒட்டகத்தின் நடையோடு ஒப்பிடுவர். போர்க்களத்திலும் கடும் உழைப்பிலும் அவர்தம் வாயில் எழுந்த யாப்பு அது; அகழ்ப்போரின்போது நபித்தோழர்கள் மண் சுமந்தவாறு இசைத்ததும் அதுவே. உடலின் இயக்கமே தாளத்தின் தாய் என்பதை இது காட்டுகிறது. அவ்வாறாயின் டிஸ்சார்ஜ் முரசு எவ்வுடலின் இயக்கம்? படை அணிவகுப்பின் முரசு இடக்கால், வலக்கால் எனச் சமமாய் ஒலிக்கும். இம்முரசோ அவ்வாறு ஒலிப்பதில்லை. கால்முரசும் கைம்முரசும் மாறிமாறி விழும்போதே, நடுவில் ஓர் அடி எதிர்பார்த்த இடத்திற்கு முன்பே வந்து இடறுகிறது. இடறியது மீண்டும் ஓடுகிறது. இது போருக்குச் செல்பவன் நடையன்று. போரிலிருந்து தப்பி ஓடுபவன் கால்களின் ஓசை. பின்னாளில் இத்தாளம் அக்குழுவின் பெயர் முதலெழுத்தையே தாங்கி, ‘டி-பீட்’ என உலகெங்கும் வழங்கலாயிற்று.

அக்காலச் சூழலை நினைவுகூர்ந்தால் யார் ஓடினார், எதற்கு அஞ்சினார் என்பது விளங்கும். 1979 டிசம்பரில் நேட்டோ நாடுகள், 464 குரூஸ் ஏவுகணைகளையும் 108 பெர்ஷிங் ஏவுகணைகளையும் மேற்கு ஐரோப்பாவில் நிறுத்துவதென முடிவு செய்தன. அவற்றுள் 160 குரூஸ் ஏவுகணைகள் பிரிட்டனுக்கு ஒதுக்கப்பட்டன. 1980 இல் அந்நாட்டு அரசு ‘காத்து உயிர்வாழ்க’ என்னும் கருத்துடைய கையேடு ஒன்றை வெளியிட்டது. அணுகுண்டு விழுந்தால் குடும்பத்தார் யாது செய்யவேண்டும் என்பதை அது கற்பித்தது. கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து உள்ளறைக்குள் ஒரு புகலிடம் அமைத்துக்கொள்ள வேண்டும். 14 நாட்களுக்கு உணவும் நீரும் சேர்த்துவைக்க வேண்டும். எவரேனும் இறந்தால் உடலை வேறறைக்கு மாற்றி, மூடி, இன்னார் என அடையாளம் எழுதிக் கட்டவேண்டும். வீட்டுக் கதவு ஏவுகணையைத் தடுக்கும் என்று குடிமக்களுக்குச் சொன்ன அந்த அமைதியான நடையை நினைத்துப் பாருங்கள். அக்கையேட்டின் நடை சாந்தமானது, இலக்கணப் பிழையற்றது, கேட்பதற்கு இனியது. பொருளோ கொடியது.

வரலாற்றறிஞர் ஈ.பி. தாம்சன் அதே 1980 இல் அதற்கு மறுப்பாக ஒரு சிறுநூல் எழுதினார். அரசுக் கையேட்டின் ஆங்கிலப் பெயரில் ஒரேயோர் எழுத்தை மாற்றி, ‘காத்து’ என்பதை ‘எதிர்த்து’ என்றாக்கித் தம் நூலுக்குப் பெயரிட்டார். அரபு அணியிலக்கணத்தார் இதனை ‘ஜினாஸ்’ என்பர். ஒலி ஏறத்தாழ ஒன்றாயிருக்கப் பொருள் வேறாவது. விளையாட்டுக்கெனக் கையாளப்படும் இவ்வணி, ஈண்டு ஒரு தேசத்தின் உயிர்ப்பிரச்சினையைச் சுமந்து நின்றது. அதே தொடரையே டிஸ்சார்ஜ் குழுவினர் தம் நான்காம் பாடலுக்குப் பெயராகக் கொண்டனர். அறிஞரின் நூல் படித்தவர் கைக்குப் போயிற்று; படிப்பைப் பாதியில் விட்டவன் செவிக்கு இப்பாடல் போயிற்று. கருத்து ஒன்றே.

இசைத்தட்டு வெளிவந்த மாதத்தில் பிரிட்டன் ஃபாக்லந்துத் தீவுகளுக்காக அர்ஜென்டினாவுடன் போரிட்டுக்கொண்டிருந்தது. மே 2 ஆம் நாள் பெல்கிரானோ என்னும் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டு, அர்ஜென்டினர் 323 பேர் மாண்டனர். லண்டன் நாளிதழ் ஒன்று, ‘அகப்பட்டாய்’ என்று விளையாட்டில் கூவுவதுபோன்ற ஒற்றைச் சொல்லைத் தலைப்பாக்கி அச்செய்தியை வெளியிட்டது. ஜூன் 14 இல் போர் முடிந்தபோது பிரிட்டிஷார் 255 பேரும் அர்ஜென்டினர் 649 பேரும் தீவுவாசிகள் மூவரும் உயிரிழந்திருந்தனர். பாடல்கள் இப்போரைக் குறித்து எழுதப்பட்டவையல்ல. ஆயினும் நாடெங்கும் வெற்றிக்கொடி பறந்த வேளையில், எதையும் கேளாதே, காணாதே, சொல்லாதே என்னும் தலைப்பைத் தாங்கிய இத்தட்டு, விற்பனைப் பட்டியலில் 40 ஆம் இடம்வரை ஏறியது. கொடியசைத்தோருக்கு நடுவே முகம் திருப்பிக்கொண்டோரும் இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

தலைப்பைச் சற்று ஆராய்வோம். ஜப்பானின் நிக்கோ நகரத்து ஆலயத்தில் செதுக்கப்பட்ட மூன்று குரங்குகளை அறியாதார் இலர். தீயதைக் காணாதே, கேளாதே, பேசாதே என்பது அவற்றின் அறிவுரை. டிஸ்சார்ஜ் குழுவினர் அவ்வறிவுரையிலிருந்து ‘தீயதை’ என்னும் ஒரு சொல்லை நீக்கிவிட்டனர். எஞ்சியது அறிவுரையன்று; குற்றச்சாட்டு. அல்பகரா அத்தியாயத்தின் தொடக்கத்தில், நேர்வழியை விற்று வழிகேட்டை வாங்கியோரைத் திருமறை செவிடர், ஊமையர், குருடர் என்று உவமிப்பதை நம் வாசகர் அறிவர். கண்ணும் காதும் நாவும் இருந்தும் அவற்றை அடைத்துக்கொண்டோரின் நிலை அது. ஸ்டோக் நகரத்து இளைஞர் இவ்வுவமையை அறிந்திருப்பர் என்று நாம் கூறவில்லை. மனிதர் அநீதியின்முன் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்கும் எவரும், எம்மொழியினராயினும், இம்மூன்று அடைப்புகளுக்கே வந்து சேர்வர் என்பதே நாம் கூறுவது.

பாடற்சொற்களின் அமைப்பு அடுத்தது. பெரும்பாலான பாடல்கள் மிகச் சில வரிகளே உடையன. அவ்வரிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. ‘ஊமைக்குப் பேச்சுரிமை’ என்று பொருள்படும் பதின்மூன்றாம் பாடலில் தலைப்புச் சொற்களைத் தவிர வேறு சொல்லே இல்லை. குறைந்த சொல்லில் நிறைந்த பொருளை அடக்குவதை ‘ஈஜாஸ்’ என்றும், ஒன்றையே மீட்டும் மீட்டும் கூறி நெஞ்சில் பதிப்பதைத் ‘தக்ரார்’ என்றும் அரபு அணியிலக்கணம் வகுக்கும். இப்பாடலில் இரண்டும் உச்சத்திற்குச் செல்கின்றன. நாவிழந்தவனிடம் பேச்சுரிமை என்று சட்டப்புத்தகத்தைக் காட்டினால் அவன் யாது செய்வான்? அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூடன் என்னும் கொச்சைப் பொருளும் உண்டு. ஆயினும் இத்தட்டின் தலைப்போடு சேர்த்து நோக்குகையில் ஊமை என்பதே பொருந்துகிறது. முதற்பாடலில் எதையும் சொல்லாதே என்று வாயடைக்கப்பட்டவனுக்கே, பதின்மூன்றாம் பாடலில் பேச்சுரிமை வழங்கப்படுகிறது. இந்த முரண்தான் தட்டு முழுவதன் சாரம்.

போரைப் பாடுவது தமிழுக்கும் அரபுக்கும் புதியதன்று. நம் முன்னோர் போருக்குப் பூச்சூட்டினர்; வெட்சி, வஞ்சி, தும்பை, வாகை என மலரின் பெயராலேயே போரின் நிலைகளை வகுத்தனர். ஜெயங்கொண்டாரின் பரணி பிணக்குவியலையும் சந்தவின்பமாக்கிற்று. தமிழ் முஸ்லிம் புலவர் யாத்த படைப்போர் நூல்களும் வீரத்தின் விம்மிதத்தையே பெரிதும் பாடின. அவை அறங்காக்கும் போர்களைப் பாடியவை. அவற்றை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் தொல்காப்பியர் சொல்லும் எண்வகை மெய்ப்பாடுகளுள் போர்ப்பாடலுக்கு உரியதாக வழிவழி நின்றது பெருமிதமே.

டிஸ்சார்ஜ் தட்டில் பெருமிதம் என்பது மருந்துக்கும் இல்லை. அழுகை, இளிவரல், அச்சம், வெகுளி என்னும் நான்கே உள்ளன. வெகுளி பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கினைச் சுட்டுகிறார்: உறுப்பை அறுத்தல், குடியை அழித்தல், அலைத்து வருத்துதல், கொல்லுதல். இருபதாம் நூற்றாண்டின் போர் செய்த வேலை இந்நான்கையன்றி வேறென்ன? ‘உதவி கோரும் கதறல்கள்’, ‘அதிகார வெறியில் மயங்கியோர்’, ‘பூமியில் ஒரு நரகம்’, ‘உயிரினம் அழியக்கூடும்’ என்றெல்லாம் பொருள்படும் பாடற்பெயர்களை நிரலாக நோக்குவோர் இவ்விலக்கணத்திற்கு உரை எழுதியதுபோல் உணர்வர். கவிஞன் வாளேந்தியவன் பக்கம் நின்று பாடினால் பெருமிதம் பிறக்கும். வாளின் முனையில் அகப்பட்டவன் பக்கம் நின்றால் இந்நான்கே பிறக்கும். நிற்குமிடம் மாறியதால் ஓசையும் மாறிற்று.

இத்தட்டின் பதினோராம் பாடலின் பெயர் ஒரு வினாவும் விடையுமாகும். ‘வினா: குழந்தைகளையுமா? விடை: குழந்தைகளையும்.’ இதன் வரலாறு நெஞ்சை உறையச் செய்வது. 1968 மார்ச் 16 இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நிராயுதபாணிகளான பொதுமக்களைக் கொன்று குவித்தனர். வியட்நாமியர் கணக்கில் மாண்டவர் 504 பேர். அமெரிக்கப் படையின் கணக்கில் 347 பேர். 1969 இல், அச்செயலில் பங்குகொண்ட படைவீரர் ஒருவரைத் தொலைக்காட்சியில் மைக் வாலஸ் நேர்கண்டார். ஆண்களையும் பெண்களையும் சுட்டதாக அவர் ஒப்பியபின் எழுந்ததே அவ்வினா. அவர் தந்ததே அவ்விடை. நியூயார்க் ஓவியர் குழு ஒன்று, பாதையில் கிடந்த பிணங்களின் புகைப்படத்தின்மேல் இவ்விரு தொடர்களையும் அச்சிட்டு 1970 இல் சுவரொட்டியாக வெளியிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மட்பாண்ட நகரத்து இளைஞர் அதனைத் தம் பாடலின் பெயராக்கினர். உவமை இல்லை, உருவகம் இல்லை, அடைமொழியும் இல்லை. இதற்குமேல் ஓர் அணியைச் சேர்த்திருந்தால் அது பாவமாகியிருக்கும். சில உண்மைகளுக்கு அலங்காரம் செய்வது அவற்றைப் புதைப்பதற்கு ஒப்பாகும்.

இனித் தடைகளைக் கேட்போம். கூச்சலிடுவது பண்பா என்று பெரியோர் வினவுவர். லுக்மான் (அலை) தம் மகனுக்குக் குரலைத் தாழ்த்துமாறு அறிவுறுத்தியதையும், குரல்களுள் வெறுக்கத்தக்கதாகக் கழுதையின் குரல் சுட்டப்பட்டதையும் எடுத்துக்காட்டுவர். மறுப்பதற்கில்லை. கால் என்பவரின் குரலில் இனிமை சிறிதும் இல்லை. பாடுவதைவிடக் கத்துவதே மிகுதி. ஆயின் அதே திருமறை, தீய சொல்லை உரத்துக் கூறுவதை இறைவன் விரும்புவதில்லை என்று அந்நிஸா அத்தியாயத்தில் கூறியவுடனேயே, அநீதி இழைக்கப்பட்டவனுக்கு விலக்கும் அளித்துள்ளது. மண்டியிட்டுக் கையேந்துவது ஒன்றே ஒடுக்கப்பட்டவன் செய்யத்தக்கது என்று இஸ்லாம் சொல்லவில்லை.

இங்கே நுண்ணிய வினா ஒன்று எழும். அநீதிக்கு ஆளானவர் வியட்நாமியர். கத்தியவரோ இங்கிலாந்து இளைஞர். பிறர் துயரை எடுத்துத் தன் குரலுக்கு மெருகேற்றிக்கொள்வது முறையா? எமக்கு இத்தட்டின்மீது தோன்றிய வலிய ஐயம் இதுவே. சிந்தித்தபின் இரண்டு விடைகள் புலப்படுகின்றன. அணுப்போர் மூண்டால் ஸ்டோக் நகரமும் சாம்பலாகும். ஆதலின் அவர்கள் முற்றிலும் அயலார் அல்லர். மேலும் தீமையைக் காண்பவன் கையால் மாற்றட்டும், இயலாவிடின் நாவால் மாற்றட்டும், அதுவும் இயலாவிடின் உள்ளத்தால் வெறுக்கட்டும் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நாம் அறிவோம். அங்கே அத்தீமை தனக்கு இழைக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கையில் வலிமையற்ற இளைஞர் நாவைப் பயன்படுத்தினர். இவ்வளவில் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. அரபுக்கவிஞர் ஸுஹைர் தம் முஅல்லகாவில் போரை வெறுத்துப் பாடினார். தன்னைத் தூண்டியோரையே அரைக்கும் திரிகையாக அதனைக் காட்டினார். அத்துடன் நின்றாரல்லர். தாஹிஸ், கப்ரா என்னும் குதிரைகளின் பெயரால் நீண்ட குலப்போரைத் தம் செல்வத்தால் குருதிப்பணம் ஈந்து முடித்துவைத்த ஹரிம், ஹாரிஸ் என்னும் இரு பெரியோரைப் பெயர்சுட்டிப் போற்றினார். தீமையையும் காட்டினார், அதனின்று மீளும் வழியையும் காட்டினார். டிஸ்சார்ஜ் தட்டிலோ சமாதானம் செய்வோன் எவனும் வருவதில்லை. கொடியவர் யார், எவ்வூரார் என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஒரு பாடலுக்கும் மறு பாடலுக்கும் வேறுபாடு உணர, பழகாத செவிக்கு அரிது. இறுதிப் பாடலின் பெயர் ‘முடிவு’. இறையருளில் நம்பிக்கை இழத்தல் ஆகாது என்று கற்ற நெஞ்சத்திற்கு இது கசக்கிறது. எரியும் வீட்டின்முன் நின்று கூவுபவனிடம், நீர் எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆயினும் அவன் கூவியதே பிழை என்று சொல்ல உரிமை இல்லை.

இத்தட்டிற்குப் பின் நிகழ்ந்ததே நம் கவனத்திற்கு மிகவும் உரியது. ஸ்வீடனிலும் ஜப்பானிலும் பிரேசிலிலும் எண்ணற்ற குழுக்கள் இவ்வோசையைப் பின்பற்றின. ‘டிஸ்’ என்னும் முன்னொட்டையே தம் பெயரில் சூடிக்கொண்ட குழுக்கள் பல. அமெரிக்காவின் பெரும் மெட்டல் குழுக்களும் இவர்களைத் தம் முன்னோராக ஏற்றன. ஆந்த்ராக்ஸ் குழு 1991 இல் இத்தட்டின் நான்காம் பாடலை இசைத்து வெளியிட்டது. மெட்டாலிகா குழு 1998 இல் ‘ஊமைக்குப் பேச்சுரிமை’யைத் தன் தொகுப்பின் முதற்பாடலாக வைத்தது. சிறு களிமண் நிறுவனத்திலிருந்து கிளம்பிய குரல் இலட்சக்கணக்கான இல்லங்களை எட்டிற்று. இது வெற்றி. ஆயினும் செல்வச் செழிப்பில் மிதந்த குழு ஒன்று அப்பாடலை இசைக்கையில், ஊமை யார் என்னும் வினாவின் கூர்மை மழுங்கிப்போகிறது. ஓசை பெருகிற்று, பொருள் குறைந்தது.

மூலக்குழுவும் இவ்வூழிலிருந்து தப்பவில்லை. கிதார் இசைத்த போன்ஸ் வெளியேறினார். 1986 இல் வெளிவந்த ஒரு தட்டில், கால் தம் பழைய கத்தலை விடுத்து உச்சத்தாயியில் பாட முற்பட்டார். இசையும் ஒப்பனை மிக்க மெட்டல் பாணியாக மாறியது. பழைய அன்பர்கள் அதனை ஏற்க மறுத்தனர். மேடைகளில் எதிர்ப்புக் கிளம்பியது. அன்பர் சினம் வெறும் பழமைப்பற்று என்று நாம் கருதவில்லை. அக்குழுவின் பொருள் அதன் கரடுமுரடான வடிவத்திலேயே தங்கியிருந்தது. வடிவத்திற்கு மெருகேற்றியதும் பொருள் பறந்துவிட்டது. பின்னாளில் குழு மீண்டும் பழைய பாணிக்கே திரும்பிற்று. ஆயினும் 2016 இல் வெளிவந்த அதன் தட்டை வெளியிட்ட ஜெர்மானிய நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள்: ‘நியூக்ளியர் பிளாஸ்ட்’, அதாவது அணுகுண்டு வெடிப்பு! எதனைக் கண்டு அஞ்சி அக்குழு அலறியதோ, அதுவே ஒரு வணிகப் பெயராகி, அதன் தட்டின்மீது முத்திரையாயிற்று. வெட்ஜ்வுட்டின் பதக்கம் கைவளையில் ஏறியதைக் கண்ட மண்ணுக்கு இது புதிதன்று.

அப்பதக்கத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பதக்கத்தை அணிந்த சீமாட்டி, அதிலுள்ள மனிதன் யார், அவன் கேட்பது யாது என்பதை அறிந்தே அணிந்தாள். அறிந்தோர் பெருகியமையால் சட்டம் வந்தது. ஆகவே அணியாவதால் மட்டும் கண்டனம் மடிவதில்லை. அணிந்தவன் பொருளை மறக்கும்போதே மடிகிறது. தாளம் மட்டும் செவியில் நின்று, கதறியது யார் என்பது மறந்துபோனால், கேட்பவனும் அம்மூன்று குரங்குகளுள் ஒன்றாகிவிடுகிறான். இரைச்சலை உரக்கக் கேட்டவாறே எதையும் கேளாதவனாகிறான்.

ஆதலால் நம் இல்லத்துப் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. இத்தட்டை வாங்கி ஒலிக்கச் செய்யுங்கள் என்று நாம் பரிந்துரைக்கவில்லை. ஆயின் உங்கள் மகனோ மகளோ இத்தகைய ஓசையில் ஆழ்ந்திருக்கக் கண்டால், இரைச்சல் என்று கடிந்து செல்லாதீர்கள். அருகமர்ந்து, இச்சொற்களின் பொருள் யாது என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிடின், அதுவே கற்பிக்கும் தருணம். தெரியுமாயின், நீங்கள் கற்கும் தருணம். போரைப் பற்றி மேசைமீது விரித்த நாளிதழ் சொல்லாத ஒன்றை அவர்கள் அறிந்திருக்கவும் கூடும்.

கிரீன்ஹாம் காமன் தளத்திற்கு 1983 இல் வந்த ஏவுகணைகள், பெண்கள் பல்லாண்டு முகாமிட்டு எதிர்த்தபின், வல்லரசுகளின் உடன்படிக்கையால் 1991 இல் அகற்றப்பட்டன. அக்காலத்து அச்சங்களுள் ஒன்று நீங்கிற்று. பதினோராம் பாடலின் வினாவோ நீங்கவில்லை. 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் ஆயிரமாயிரம் குழந்தைகள் குண்டுவீச்சில் மாண்டபோது, அதே வினா மீண்டும் எழுந்தது. அதே விடை மீண்டும் வந்தது. அவ்வேளையில் இனிய சொற்கள் எத்தனை பேசப்பட்டன என்பதை நாம் கேட்டோம். வருந்துகிறோம் என்றனர், தவிர்க்கவியலாதது என்றனர், ஆராய்கிறோம் என்றனர். இலக்கணப் பிழையற்ற அச்சாந்தமான நடையைக் காட்டிலும், பிழை மலிந்த அந்தக் கரகரத்த குரலே உண்மைக்கு அணுக்கமானது என்று எமக்குத் தோன்றுகிறது. களிமண்ணால் ஆன மனிதன் உடையும்போது எழும் ஓசை அது. அவ்வோசையைக் கேட்கும் செவியையும், கண்டதைச் சொல்லும் நாவையும் வல்ல அல்லாஹ் நம்மிடமிருந்து பறிக்காதிருப்பானாக!